மீன் பை, காய்ப் பை, பூசைப் பை: கடைப்பைகளைக் கழுவுவதும் காயவைப்பதும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் 2017 ஜனவரி 1 முதல் கடையில் பிளாஸ்டிக் பை கேட்டால் ஒன்றுக்கு 20 சென் என்றானது. பந்திங் வட்டாரத்தில் தோட்டத்து லயமானாலும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடானாலும், கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஏழெட்டுப் பைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்தபடி தொங்கும். அவற்றில் பல, வாங்கிய நாளிலிருந்து தண்ணீரையே கண்டிருக்காது. தண்ணீர் கண்டவற்றிலும் சில, ஈரம் போகுமுன் மடித்து வைக்கப்பட்டு, கழுவாத பையைவிட மோசமாக நாறும்.

பை கழுவுவது பத்து நிமிட வேலை. கடலும் செம்பனைக் காடும் சூழ்ந்த இந்த ஈரக்காற்றில் அதைக் காயவைப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். எந்தப் பையை எப்படிக் கழுவினாலும், அன்றைக்கே காயவைக்க வழியில்லை என்றால் கழுவுவதை மறுநாளைக்குத் தள்ளிப் போடுங்கள். மீன், கோழிப் பைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

கையில் இருப்பது என்ன பை?

பேரங்காடிகளில் விற்கும் மலிவான பை, பார்க்கத் துணி போலிருக்கும். நெய்த துணி அல்ல. பாலிபுரோப்பிலின் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது. உற்றுப் பார்த்தால் பரப்பெங்கும் பொட்டுப் பொட்டாக அழுத்திய தடம் தெரியும். சூடும் முறுக்கலும் இதற்கு ஆகாது. பள்ளி விழா, வங்கி விளம்பரம் என்று இலவசமாக வருபவையும் பெரும்பாலும் இந்த இனம்தான்.

அரிசி மூட்டை போல நாடா நாடாவாக நெய்து, மேலே வழவழப்பான படலம் ஒட்டிய பெரிய பை இன்னொரு இனம். இதுவும் பாலிபுரோப்பிலின்தான், ஆனால் பலம் அதிகம். உள்ளங்கை அளவுக்கு மடங்கும் மெல்லிய பை பாலியெஸ்டர் அல்லது நைலான். பருத்தி, கேன்வாஸ், சணல் பார்த்தாலே தெரியும். உள்ளே வெள்ளி நிறத் தாள் ஒட்டிய குளிர்காப்புப் பை தனி வகை.

சந்தேகம் வந்தால் தையல் ஓரத்திலிருந்து நகக்கண் அளவு துண்டு ஒன்றை வெட்டி, ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்ட தண்ணீரில் அமுக்கிக் காற்றுக் குமிழியைப் பிழிந்து விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிபுரோப்பிலின். அது தண்ணீரைவிட எடை குறைந்தது. பாலியெஸ்டர், நைலான், பருத்தி மூன்றும் மூழ்கும்.

தோட்டத்து ஊரில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உரச் சாக்கு உறுதியானது, இலவசமாகக் கிடைக்கிறது என்று அதைத் தைத்துச் சந்தைப் பையாக்குகிறவர்கள் உண்டு. உரத் தூள் நெசவின் இடுக்குகளில் தங்கும். இரண்டு தடவை அலசினால் போகாது. அந்தச் சாக்கு கிடங்கில் களைக்கொல்லி டின்களோடு கிடந்ததா என்பதும் நமக்குத் தெரியாது. தேங்காய் மட்டை, விறகு, புல் அள்ள வைத்துக்கொள்ளுங்கள். வாயில் போகும் எதையும் அதில் வைக்காதீர்கள்.

பைகளைப் பிரிப்பது

வெள்ளிக்கிழமை வெற்றிலை, பூ, பழம் வாங்கும் பையில் மீன் வைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கட்டுப்பாட்டைக் காய்கறிப் பைக்கும் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. வெள்ளரி, கொத்தமல்லி, வல்லாரை போன்றவற்றை வேகவைக்காமல் உண்கிறோம். கோழி இரத்தம் ஒழுகிய பையில் மறுநாள் அவை வந்தால், அடுப்பில் சாக வேண்டிய சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகள் நேராகத் தட்டுக்கு வருகின்றன.

குறைந்தது மூன்று பை வேண்டும்: மீனுக்கும் இறைச்சிக்கும் ஒன்று, காய்கறி பழத்துக்கு ஒன்று, அரிசி பருப்பு டின் சாமானுக்கு ஒன்று. பூசைச் சாமானுக்கு நான்காவது. நிறத்தால் பிரிப்பது நல்லது. மீனுக்கு சிவப்பு என்று வைத்துக்கொண்டால் வீட்டில் சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் குழப்பம் வராது. எல்லாம் ஒரே நிறமென்றால் அழியாத மையில் கைப்பிடியில் பெரிதாக எழுதுங்கள். அடியில் எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஈரச் சவர்க்காரம், சலவைத் தூள், பூச்சி மருந்து டப்பா இவை மூன்றாவது பையிலும் உணவோடு சேர வேண்டாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அரிசோனா, லோமா லிண்டா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் கடைக்கு வந்தவர்களின் பைகளை வாங்கிச் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறையப் பாதிப் பைகளில், அசுத்தத்துக்கு அடையாளமான கோலிஃபார்ம் கிருமிகள் இருந்தன. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது, பிளாஸ்டிக் தயாரிப்பாளர்களும் அடங்கிய அமெரிக்க வேதிப்பொருள் உற்பத்தியாளர்களின் சங்கம் என்பதால், பை ஆபத்து என்ற தலைப்புச் செய்தியைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்கலாம். நமக்குத் தேவையானவை அதிலுள்ள வேறு இரண்டு தகவல்கள்: கழுவிய பைகளில் கிருமி 99.9 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. இறைச்சிச் சாறு பட்ட பையை இரண்டு மணி நேரம் காரின் பின்பெட்டியில் வைத்தபோது கிருமி பத்து மடங்கு பெருகியது.

கிருமி இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. 2010-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துச் சிறுமியர் கால்பந்துக் குழு ஒன்றில், வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸ் பரவியது. நோயுற்ற சிறுமி பயன்படுத்திய விடுதிக் குளியலறையில் தின்பண்டப் பை ஒன்று இருந்தது. அவளை நேரில் தொடாதவர்களும் அந்தப் பையிலிருந்து எடுத்துத் தின்று வாந்தி எடுத்தார்கள். பையைக் குளியலறை, கழிவறைப் பக்கம் வைக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

மீன் பையும் கோழிப் பையும்: ஒவ்வொரு முறையும்

தஞ்சோங் செப்பாட் மீனோ பசாரில் (சந்தையில்) வெட்டிய கோழியோ, எதுவானாலும் கடைக்காரர் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கோழிக்கால் நகமும் மீன் செதிலும் வீடு வருமுன் குத்திவிடும். கடைக்கே மூடியுள்ள டப்பா ஒன்றைக் கொண்டுபோய் அதில் போட்டு வாங்குவது மிகச் சுலபமான வழி. கழுவ வேண்டியது டப்பா மட்டும், பை தப்பிக்கும். அது முடியாதென்றால் இரட்டைப் பை கேளுங்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிக்குக் கொண்டாட்டம். வெயிலில் நிற்கும் காரின் உள்சூடு அந்த எல்லைக்குள்தான் வரும். எனவே இறைச்சியை வாங்கிய பிறகு தேநீர்க் கடைக்குப் போகாதீர்கள். தேநீர் முடித்த பிறகு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையை உள்பக்கம் வெளியாகத் திருப்பி, வாசல் குழாயடிக்குக் கொண்டு போங்கள். சமையலறைத் தொட்டியில் அலசினால் தெறிக்கும் தண்ணீர் கழுவி அடுக்கிய தட்டுகளில் விழும்.

முதலில் பச்சைத் தண்ணீர், ஒருபோதும் சுடுதண்ணீர் அல்ல. இரத்தமும் மீன் வழுவழுப்பும் புரதம். சூடு பட்டால் உறைந்து இழையைப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் தெளிவாக ஓடும்வரை ஊற்றிவிட்டு, அரை வாளித் தண்ணீரில், அதாவது சுமார் 5 லிட்டரில், ஒரு மேசைக்கரண்டி தட்டையாகச் சவர்க்காரத் தூளோ பாத்திரம் கழுவும் திரவமோ கலந்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். அதற்கு மேல் ஊற வேண்டியதில்லை. மறந்து இரவு முழுக்க விட்டால் அந்தத் தண்ணீரே நாற்றத்தின் ஊற்றாகிவிடும்.

பிறகு பழைய பல்துலக்கியால் தையல் கோடுகளையும் அடிமூலை நான்கையும் தேயுங்கள். செதிலும் கொழுப்பும் தங்குவது அங்கேதான். பையின் நடுப்பரப்பைத் தேய்த்து நேரம் போக்குவதில் பயனில்லை. அடியில் விறைப்புக்காக வைத்திருக்கும் அட்டையை எடுத்துவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும். அது காகித அட்டையென்றால் ஒருமுறை நனைந்ததுமே எறிந்துவிடுங்கள், உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும். பதிலுக்கு விளம்பரப் பலகைக்குப் பயன்படும் நெளிவுள்ள பிளாஸ்டிக் அட்டையை அளவெடுத்து வெட்டி, மூலைகளை வட்டமாக்கி வையுங்கள். கூர்மூலை பையைக் கிழிக்கும். தேர்தல் முடிந்த மாதத்தில் இந்த அட்டைக்குப் பஞ்சமே இருக்காது.

நுரை நின்றுபோகும்வரை அலசிய பின்புதான் குளோராக்ஸ் போன்ற வெளுப்பான். அழுக்கு இருக்கும்போது ஊற்றினால் குளோரின் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமிக்கு எதுவும் மிஞ்சாது. புட்டியில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் சோடியம் ஹைப்போகுளோரைட் என்றிருந்தால், 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி. இது ஏறக்குறைய பத்து இலட்சத்தில் 200 பங்கு. உணவு படும் பரப்புக்குச் சொல்லும் அளவு. பையை இரண்டு நிமிடம் அதில் முழுக்க அமுக்கி வைத்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். மணம் சேர்த்த வெளுப்பான் இதற்கு வேண்டாம். கலந்த நீரை நாளைக்கென்று எடுத்து வைப்பதில் பயனில்லை, வீரியம் போய்விடும். திறந்து பல மாதமாகி வெயில்படும் இடத்தில் நின்ற புட்டியும் அப்படித்தான்.

குளோராக்ஸோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை கழுவும் அமிலம் எதுவும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளையே சாய்க்கும். உங்கள் குழாய்த் தண்ணீர் அல்லது கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வந்தால் அதில் இரும்புச்சத்து இருக்கிறது. வெளுப்பான் பட்டதும் அது துருவாக மாறி வெள்ளைப் பையில் செம்புள்ளிகளாகப் படியும். அத்தகைய நாளில் மழைநீரோ வடிகட்டிய நீரோ பயன்படுத்துங்கள். சணல், நைலான், சாயமிட்ட பருத்தி மூன்றுக்கும் வெளுப்பானே வேண்டாம். நைலான் மஞ்சளாகி வலுவிழக்கும்.

கழுவிய பிறகும் மீன் வாடை நின்றால்? அந்த வாடைக்குக் காரணம் அமீன் என்னும் காரச் சேர்மங்கள். அமிலம் பட்டால் அவை ஆவியாகாத உப்பாக மாறி மூக்குக்கு எட்டாமல் போகும். மீனைப் புளி, எலுமிச்சையில் கழுவும் நம் பழக்கமும் இதே கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீரில் அரைக் குவளை வெள்ளை வினிகர், 20 நிமிடம். லீமாவ் கஸ்தூரி என்னும் சின்ன எலுமிச்சை பத்துப் பழத்தின் சாறும் ஆகும். புளி மட்டும் வேண்டாம், கறை விடும். வெளுப்பான் போட்ட நாளில் வினிகரைத் தொடாமல் அடுத்த கழுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெலாச்சான் (இறால் விழுது), கருவாட்டு வாடைக்கும் இதே முறை கேட்கும். டுரியான் வாடை கந்தகச் சேர்மங்களால் வருவது. வினிகர் அதற்கு அவ்வளவாக எடுபடாது, சவர்க்காரத்தில் கழுவி இரண்டு மூன்று நாள் காற்றில் ஆடவிட வேண்டும். துணிமணக்க வைக்கும் திரவத்தை ஊற்றுவது வாடைக்கு மேல் வாடை சேர்ப்பது.

காயவைப்பது

நம் மேற்குக் கரையோரத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் அதிகம். ஆகவே பை கழுவ நல்ல நேரம் காலை எட்டு மணிக்கு முன். மாலையில் கழுவித் தொங்கவிட்ட பை இரவு முழுதும் காயாது; இரவுக் காற்று ஏற்கெனவே நீரால் நிறைந்திருக்கிறது.

கைப்பிடியில் மாட்டித் தொங்கவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தண்ணீர் இறங்கி அடித்தையலில் தேங்கும்; மேலே கைப்பிடி, இரண்டு மூன்று மடிப்பாகத் தைத்திருப்பதால், கொடிக்கம்பியின் ஈரத்தையும் பிடித்துக்கொண்டு கடைசிவரை காயாது. பையை உள்பக்கம் வெளியாகத் திருப்பி, தலைகீழாக, அடியைக் கவ்வியால் கொடியில் பிடியுங்கள். கைப்பிடிகள் கீழே தொங்கட்டும். இரண்டு கொடிகள் அருகருகே இருந்தால் ஒரு பக்கத்தை ஒன்றிலும் மறு பக்கத்தை மற்றதிலும் பிடித்தால் வாய் அகலமாகத் திறந்து காற்று உள்ளே ஓடும். ஒற்றைக் கொடியென்றால் பைக்குள் ஒரு சட்டை மாட்டியைக் குறுக்கே வைத்து அகட்டிவிடலாம்.

வெயில் எவ்வளவு என்பது பையைப் பொறுத்தது. பருத்திக்கு நாள் முழுக்க வெயில் நல்லது. பாலிபுரோப்பிலினுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும், பிறகு நிழலும் காற்றும். புற ஊதாக் கதிர் அந்த இழைகளை அரித்துவிடும். கொடியிலேயே வாரக்கணக்கில் கிடந்த பை ஒருநாள் கையில் மாவாக உதிர்வதும், காரின் பின்கண்ணாடிக்குக் கீழே கிடந்த பையின் அடி எண்ணெய்ப் புட்டியோடு அறுந்து விழுவதும் இதனால்தான். சாலையோரக் கொடியும் வேண்டாம்: குலை ஏற்றிய செம்பனை லாரி ஒன்று போனால் ஈரப்பை முழுக்க செம்மண் தூசி.

காய்ந்ததா என்று பரப்பைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கைப்பிடி தைத்த இடத்தையும் அடித்தையலையும் மெல்லிய காகிதத் துண்டால் கிள்ளி அழுத்துங்கள். காகிதத்தில் ஈரத்தடம் விழுந்தால் இன்னும் ஒரு மணி நேரம். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு மடிக்காமல் வீட்டுக்குள் சற்று நேரம் தொங்கவிட்டு மடியுங்கள்.

மழை பிடித்துவிட்டதா? பையைப் பழைய துவாலைக்குள் சுருட்டி மேலே அழுத்தி நீரை வாங்கிவிட்டு, அதே தலைகீழ் நிலையில் நிற்கும் மின்விசிறிக்கு எதிரே மாட்டுங்கள். காற்று பையின் வாய்க்குள் போகும்படி விசிறியைத் தாழ்த்தி வைப்பது முக்கியம். பக்கவாட்டில் அடித்தால் வெளிப்பக்கம் மட்டும் காயும். குளியலறையிலும், பொரியல் புகை போகும் சன்னலருகிலும் மாட்டாதீர்கள். எண்ணெய்ப் புகை படிந்த பை தூசியை இழுத்துப் பிசுபிசுக்கும்.

கரும்புள்ளியாகப் பூஞ்சணம் வந்துவிட்டால், பாலிபுரோப்பிலின் பையென்றால் வருந்தாமல் தூக்கிப் போடலாம். வெள்ளைப் பருத்தியைச் சுடுநீரிலும் வெளுப்பானிலும் மீட்கலாம். நிறப் பருத்தியில் பூஞ்சணம் செத்தாலும் கறை இழைக்குள் தங்கிவிடும். புள்ளியோடு பயன்படுத்த மனமிருந்தால் அரிசி, டின் சாமானுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற பைகள்

காய்கறிப் பையை வாரம் ஒருமுறை கழுவினால் போதும், கேமரன் மலைக் கிழங்கின் மண் உதிர்ந்திருந்தால் முதலில் வெளியே தட்டிவிட்டு. உலர்ந்த சாமான் பைக்கு மாதம் ஒருமுறை. ஏதாவது ஒழுகியிருந்தால் அந்தக் கணக்கெல்லாம் இல்லை, அன்றே.

இழையை அழுத்தி ஒட்டிய மலிவுப் பையை வெதுவெதுப்பான நீரில் கையால் அலசுங்கள். ஒரு பங்கு கொதிநீருக்கு ஐந்து பங்கு குழாய் நீர் கலந்தால் ஏறக்குறைய 40 டிகிரி வரும், அதற்கு மேல் போகாதீர்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். சில பைகளில் ஓரங்கள் நூலால் தைக்கப்படாமல் சூட்டால் ஒட்டப்பட்டிருக்கும், முறுக்கினால் பிரியும். துவைக்கும் இயந்திரத்தில் போட்டே ஆக வேண்டுமென்றால் வலைப்பைக்குள் வைத்து மென்சுழற்சியில். உலர்த்தியில் போடக் கூடாது, இஸ்திரிப் பெட்டி படவே கூடாது.

பருத்தி, கேன்வாஸ் பைதான் உண்மையில் கிருமி போகச் சுடுநீரைத் தாங்கும். கொதிநீரும் குழாய்நீரும் சரிபாதி கலந்தால் 60 டிகிரியை ஒட்டி வரும். அதில் அரைமணி நேரம் ஊற வைத்துத் துவைக்கலாம். புதுப் பையை மட்டும் முதல் தடவை பச்சைத் தண்ணீரில், தனியாக: சாயம் போகும், துணியும் கொஞ்சம் சுருங்கும். ஈரத்திலேயே இழுத்து வடிவத்தைச் சரிசெய்து மாட்டுங்கள்.

டோபிக் கடையில் (காசு போட்டுத் துவைக்கும் பொது இயந்திரக் கடையில்) துணியோடு பை போடுவதானால் பருத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீன் பையை அடுத்தவர் துணி விழும் இயந்திரத்தில் போடுவது முறையல்ல.

மடக்குப் பை எல்லாவற்றிலும் எளிது. சலவைத் தூளில் அலசினால் அரை நாளில் காய்ந்துவிடும். அதன் உட்பூச்சு பிசுபிசுத்துச் செதிலாக உரிய ஆரம்பித்தால் அது அழுக்கு அல்ல. பாலியூரித்தேன் பூச்சு ஈரச் சூட்டில் சிதைகிறது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் திரும்பாது. சணலை ஊறவைக்காதீர்கள், ஈரத்தில் அதன் பலம் குறையும், காயவும் நாளாகும். தூசியைத் தட்டி, சவர்க்கார நீரில் பிழிந்த துணியால் துடைத்து வெயிலில் போடுங்கள். படலம் ஒட்டிய பெரிய பைக்கும் துடைப்பே போதும்.

குளிர்காப்புப் பையை வாளியில் முக்கினால் தாளுக்கும் நுரைப்பஞ்சுக்கும் இடையே தண்ணீர் புகுந்து வெளியே வராது. ஒரு லிட்டரில் ஒரு தேக்கரண்டி பாத்திரத் திரவம் கலந்த துணியால் துடைத்து, வெறும் ஈரத்துணியால் இருமுறை துடைத்து, ஜிப்பைத் திறந்து கவிழ்த்து வையுங்கள். உள்தாளில் விரிசல் விழுந்துவிட்டால் அதில் பச்சை மீன் வைப்பதை நிறுத்திவிடுங்கள்.

கறைகள்

2.50 ரிங்கிட்டுக்கு விற்கும் ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் ஓரத்தில் பொத்தலாகிப் பைக்குள் கசிவது வாராவாரம் நடப்பதுதான். தண்ணீர் ஊற்றினால் பரவும். முதலில் பழைய நாளிதழை உள்ளேயும் வெளியேயும் வைத்து அழுத்துங்கள், பிறகு முகப்பவுடரோ மாவோ தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டுங்கள். அதன்மேல் பாத்திரத் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் தடவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவலாம். பசாரில் பிழிந்து வாங்கிய தேங்காய்ப்பால் ஒழுகினாலும் இதே முறைதான், ஆனால் உடனே. வெயிலில் அது புளித்து வரும் வாடை எண்ணெயைவிட மோசம்.

மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டதும் சிவப்பாக மாறும். பயந்து இன்னும் தேய்க்காதீர்கள். காரம் பட்டால் மஞ்சள் நிறம் மாறும் இயல்பு அது. அலசிவிட்டு வெயிலில் போடுங்கள், மஞ்சளின் நிறப்பொருளை வெயில் தின்றுவிடும்.

பலாப்பிசினை எண்ணெய் தொட்டுத்தான் எடுக்க வேண்டும், பிறகு எண்ணெயைச் சவர்க்காரத்தால். ரப்பர் பால் சொட்டிய பையை உறையுமுன் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அதில் வினிகர் ஊற்றிவிடாதீர்கள். பால் உறையத் தொழிற்சாலையில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவது தெரிந்ததுதானே, இங்கேயும் அதுவே நடக்கும். உறைந்துபோனால் முழுதாகக் காயவிட்டு விரலால் உருட்டி உரித்தெடுங்கள்.

சுமப்பதும் வைப்பதும்

மோட்டார் சைக்கிளின் முன்கொக்கியில் மாட்டும் பை இயந்திரத்திலும், பக்கவாட்டில் தொங்கும் பை புகைக்குழாயிலும் உரசாமல் பாருங்கள். பாலிபுரோப்பிலின் 160 டிகிரியை ஒட்டி உருகும். புகைக்குழாயில் ஒட்டினால் பையோடு சேர்ந்து குழாயும் பாழ். ஐந்து கிலோ அரிசியையும் ஐந்து கிலோ எண்ணெய்யையும் ஒரே பையில் வைக்காதீர்கள். கனமானது அடி நடுவில், தகர டின்னின் கூர்விளிம்பு மூலையில் படாமல்.

காய்ந்த பைகளை ஒரே பைக்குள் திணித்து வைக்கும் பழக்கத்தை விடுங்கள். ஒன்றில் மீந்த ஈரம் எல்லாவற்றுக்கும் பரவும், கரப்பானுக்கும் அது நல்ல வீடு. தனித்தனி ஆணியில், சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி மாட்டுங்கள். மீன் பைக்கு ஆணி வேறு பக்கம். எலி ஓடும் சாமான் அறையில் மாட்டிய பையைக் கழுவாமல் எடுத்துப் போகாதீர்கள். எலியின் சிறுநீர் வழியே பரவும் நோய் நம் ஊருக்குப் புதிதல்ல. தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரி எல்லாவற்றிலும் மோசமான இடம்.

தைப்பது

பை முதலில் விடுவது கைப்பிடி அடியில்தான். ஒரு நூல் தளர்ந்ததும் தைத்துவிட்டால் இரண்டு நிமிடம். முழுதாகப் பிய்ந்தால் துணியும் கிழியும். பாலியெஸ்டர் நூல் பயன்படுத்துங்கள், பருத்தி நூல் இந்த ஈரத்தில் இற்றுவிடும். பழைய ஜீன்ஸில் விரல் நீளத் துண்டை வெட்டி உட்பக்கம் வைத்து, சதுரமாக ஒரு சுற்று, நடுவே குறுக்கு மறுக்காக இரண்டு கோடு. அழுத்தி ஒட்டிய பையில் தையலை நெருக்கமாகப் போடாதீர்கள். ஊசித்துளைகள் வரிசையாகி அந்தக் கோட்டிலேயே கிழியும். தையலுக்குத் தையல் 4 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, புவி வெப்பமாதல் பாதிப்பில் ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, பாலிபுரோப்பிலின் பையை 11 தடவையாவது, பருத்திப் பையை 131 தடவையாவது பயன்படுத்த வேண்டும். மீன் பையை ஒருமுறை கழுவச் சோம்பி மாதம் ஒன்றாக வாங்குவது சூழலுக்கும் நல்லதல்ல, சட்டைப்பைக்கும் நல்லதல்ல. ஆனால் தேய்த்தால் பஞ்சு போல் இழை உதிர்கிற பையில் உணவு வைக்காதீர்கள், அதைத் துடைக்கும் துணியாகவும் ஆக்க வேண்டாம், இழை எங்கும் ஒட்டும். பருத்தியை மட்டும் வெட்டித் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் குப்பையில் போடுமுன் கைப்பிடிகளை அறுத்து எடுத்து வையுங்கள். கைப்பிடிக்கு நெய்த நாடா போட்ட பைகளில் உடல் உதிர்ந்த பிறகும் நாடா உறுதியாகவே இருக்கும். அடுத்த பையின் பிடி பிய்யும்போது அதைத் தைக்கலாம்.